ரோட் ஐலண்ட் ரெட்: இயல்புகளும் தேர்வும்

ரோட் ஐலண்ட் ரெட் முட்டைக்கும் இறைச்சிக்கும் சேர்த்து வளர்க்கப்படும் நடுத்தர எடைக் கோழியினம். செம்பழுப்பு இறகு, மஞ்சள் கால், பழுப்பு ஓடுள்ள முட்டை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த லிட்டில் காம்ப்டன் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் மாசசூசெட்ஸ் மாநிலக் கிராமங்களிலும் வாழ்ந்த விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதை உருவாக்கினார்கள்.

அந்தக் கரையின் துறைமுகங்களுக்கு ஆசியாவிலிருந்து வந்த கப்பல்களில் கோழிகளும் வந்திறங்கின. கப்பல் தலைவரான வில்லியம் டிரிப் 1854-ல் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் சிவப்பு மலாய்ச் சேவல் ஒன்றை வாங்கித் தம் வீட்டுப் பெட்டைகளோடு விட்டதிலிருந்து இந்த இனத்தின் வரலாறு சொல்லப்படுகிறது. அந்தச் சேவலின் வழியில் வந்த கோழிகள் மற்றவற்றைவிட நன்றாக முட்டையிட்டதால், அவரும் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஜான் மெக்கோம்பரும் அவற்றைத் தொடர்ந்து பெருக்கினார்கள். கொச்சின், ஜாவா, பழுப்பு லெகார்ன் ஆகிய கோழியினங்களின் ரத்தமும் இதில் கலந்தது. லிட்டில் காம்ப்டனில் பெரிய அளவில் கோழி வளர்த்த ஐசக் வில்பர்தான் இன்றைய பெயரைச் சூட்டியவர் என்பார்கள். 1904-ல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றது. 1925-ல் லிட்டில் காம்ப்டனின் ஆடம்ஸ்வில் கிராமத்தில் இந்தக் கோழிக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1954-ல் ரோட் ஐலண்ட் இதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் வளர்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் அரை நூற்றாண்டு முழுவதும் இந்தக் கோழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கண்காட்சிக்காரர்கள் அல்லர், பால்மாடும் காய்கறியும் வைத்திருந்த விவசாயிகள். பனிக்காலத்திலும் முட்டையிட்ட பெட்டை, வெட்டினால் விலை கிடைத்த சேவல் இவற்றையே அவர்கள் அடுத்த ஆண்டுக்கு நிறுத்தினார்கள். இன்றும் இந்த இனத்திடம் காணப்படும் தாங்குதிறன் அந்தத் தேர்வின் பலன். தேர்வு நின்றாலோ திசை மாறினாலோ அது குறைந்துவிடும்.

உடலமைப்பு

நல்ல ரோட் ஐலண்ட் ரெட் கோழியைப் பக்கவாட்டில் பார்த்தால் உடல் செங்கல்லைப் போல நீள்சதுரமாகத் தெரியும். முதுகு தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும். மார்பெலும்பு பின்னோக்கி நன்கு நீண்டிருக்கும். முட்டை உருவாகும் உறுப்புகளுக்கும் குடலுக்கும் இடம் கொடுப்பது இந்த நீளம்தான். மார்பிலும் தொடையிலும் சதை பிடிக்க இடம் தருவதும் இதுவே. முதுகு குறுகி வால் மேலே தூக்கி நிற்கும் கோழி இரண்டு பயனுக்கும் ஏற்றதல்ல.

முதிர்ந்த சேவலின் நியம எடை 3.9 கிலோ, பெட்டையின் எடை சுமார் 3 கிலோ. புறக்கடையில் மேய்ந்து வளரும் கோழிகள் பெரும்பாலும் இந்த எடைக்குக் கீழேதான் நிற்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. இறகு உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும். நிறம் துருச் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும். வாலிலும் சிறகின் உள் இறகுகளிலும் கறுப்பு இருக்கும். கால் மஞ்சள், அதில் செம்பழுப்பு ஓடியிருக்கும். காதுமடல் சிவப்பு.

கொண்டை இரண்டு வகை. பெரும்பாலானவற்றுக்கு ஐந்து பல்லுள்ள ஒற்றைக் கொண்டை நிமிர்ந்து நிற்கும். சிலவற்றுக்குத் தலையோடு படிந்த ரோஜாக் கொண்டை. கடுங்குளிரில் ஒற்றைக் கொண்டையின் நுனி உறைந்து கருகிவிடுவதால் பனி விழும் நாடுகளில் ரோஜாக் கொண்டைக்கு மதிப்பு அதிகம். வெப்ப நாட்டில் கணக்கு மாறுகிறது: கொண்டையும் தாடியும் உடற்சூட்டை வெளியேற்றும் பரப்புகள், ஆகவே பெரிய ஒற்றைக் கொண்டை இங்கே உதவியாகவே அமைகிறது. ரோஜாக் கொண்டைக்கான மரபணு இரட்டையாக அமைந்த சேவல்களில் கருவுறச் செய்யும் திறன் சற்றுக் குறைவு என்பதும் ஒற்றைக் கொண்டையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம்.

ஒரே பெயரில் இரண்டு கோழிகள்

ரோட் ஐலண்ட் ரெட் வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். 20-ஆம் நூற்றாண்டில் முட்டைத் தொழில் வளர்ந்தபோது, இந்த இனத்தின் ஒரு கிளையை முட்டை எண்ணிக்கைக்காக மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருக்கும் பழுப்பு முட்டைக் கலப்பினங்களின் தந்தை வழி பெரும்பாலும் இந்தக் கிளையிலிருந்து வந்ததே. இப்படி முட்டைக்காக உருவான வழியில் பெட்டை 2 முதல் 2.5 கிலோவோடு நின்றுவிடும். நிறம் வெளிறிய செம்மை. 18 முதல் 20 வாரத்தில் முட்டை தொடங்கி, நல்ல தீவனத்தில் ஆண்டுக்கு 250-க்கும் மேல் இடும். சேவலில் சதை குறைவு.

பழைய வழிக் கோழி கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். முதல் முட்டைக்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். ஆண்டுக்கு 150 முதல் 200 வரை இடும், ஆனால் இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிலும் தொடர்ந்து இடும். இருபயன் கோழி என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது இதற்குத்தான். அமெரிக்காவிலேயே இந்தப் பழைய வழி குறைந்துபோய், பாதுகாக்கப்பட வேண்டிய இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

புறக்கடை வளர்ப்புக்குப் பழைய வழியே மேல். ஆண்டுக்கு 50 முட்டைக்கு மேல் குறைந்தாலும், சேவல் குஞ்சுகள் வீணாகாமல் இறைச்சிக்கு உதவுகின்றன. பெட்டை சீக்கிரம் களைத்து ஒடுங்குவதில்லை. பழைய வழி கிடைக்காத இடத்தில், அரசுப் பண்ணையிலோ பல்கலைக்கழகப் பண்ணையிலோ பராமரிக்கப்படும் தூய இனக் குஞ்சுகளை வாங்குவது அடுத்த நல்ல வழி. சந்தையில் சிவப்பாக இருக்கும் எல்லாக் கோழியும் இந்தப் பெயரில் விற்கப்படுகிறது. அவற்றில் பல, கூண்டுப் பண்ணையில் ஓராண்டு முட்டையிட்டு முடித்த கலப்பினப் பெட்டைகள். இறகை விரலால் விலக்கி அடிப்பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்: தூய இனத்தில் அடிவரை செம்மை இருக்கும், கலப்பினத்தில் அடியிறகும் வால் ஓரமும் வெண்மையாக இருக்கும். மேல் அலகு நுனி வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணைக் கழிவு என்பதில் பெரும்பாலும் சந்தேகமில்லை.

முட்டை

முட்டை 55 முதல் 60 கிராம் எடை இருக்கும். ஓட்டின் நிறம் இளம் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை. இந்த நிறம் முட்டை உருவாகும் கடைசிக் கட்டத்தில் ஓட்டின் மேல் படிவது. முட்டைப் பருவத்தின் தொடக்கத்தில் அடர்த்தியாக இருந்து, பெட்டை தொடர்ந்து இட இட வெளுத்துக்கொண்டே வரும். வெளுத்த முட்டையைச் சத்துக் குறைந்ததாகக் கொள்வது தவறு.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டு, இடையிடையே அடைக்கு உட்காரும். ரோட் ஐலண்ட் ரெட் அடைக்கு உட்காருவது அபூர்வம். முட்டை மிகுவதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் மேய்ச்சலை மட்டும் நம்பி விட்டால் இந்த வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடும். முட்டையிடும் பெட்டைக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தேவை. புழு, பூச்சி, கரையான், கீரை, சிந்திய தானியம் என்று அது தானே தேடிக்கொள்வது போக, எஞ்சியதைக் கொடுக்க வேண்டும். குறுணையும் தவிடும் மட்டும் போட்டால் கொழுப்பு ஏறும், முட்டை ஏறாது. மக்காச்சோளம் அல்லது கம்போடு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்ந்து புரதம் 16 முதல் 18 சதவீதம் வரை அமைய வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் பெட்டை வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். முட்டைத் தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் முட்டை குறையும். மார்கழி, தை மாதங்களில் பெட்டை இறகு உதிர்த்து ஓய்வெடுப்பது இயற்கை. விடியற்காலையில் கூண்டில் ஒரு விளக்கு எரியவிட்டு இதை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் இரண்டு மாத ஓய்வை அனுமதித்தால் அடுத்த பருவத்தில் ஓடு கெட்டியாக இருக்கும், பெட்டையும் நீடிக்கும். வீட்டுத் தேவைக்கு வளர்ப்பவர் இந்த ஓய்வை அனுமதிப்பதே நல்லது.

எந்தப் பெட்டை முட்டையிடுகிறது என்று கண்டுபிடிக்க இந்த இனத்தின் மஞ்சள் தோல் நல்ல துணை. பச்சைத் தழையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள நிறமி தோலில் படிந்து காலையும் அலகையும் மஞ்சளாக்குகிறது. முட்டையிடத் தொடங்கியதும் அந்த நிறமி மஞ்சள் கருவுக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே உடலின் மஞ்சள் ஒழுங்கான வரிசையில் வெளுக்கும். முதலில் எச்சத் துவாரத்தின் ஓரம், சில நாட்களிலேயே. அடுத்து கண்ணைச் சுற்றிய வளையம். பிறகு அலகு, அடியிலிருந்து நுனி நோக்கி, ஒரு மாதத்துக்கு மேல். கடைசியாகக் கால், நாலைந்து மாதம் கழித்து. முட்டை நின்றதும் இதே வரிசையில் மஞ்சள் திரும்பும். எச்சத் துவாரம் மஞ்சளாகவும் கால் வெளுத்தும் இருந்தால், அந்தப் பெட்டை நெடுநாள் இட்டு அண்மையில் நிறுத்தியது என்று பொருள். எல்லாம் மஞ்சளாக இருந்தால் அது சும்மா தின்கிறது. இதோடு இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்றும் பார்த்துவிட்டால், குறிப்பேடு இல்லாமலேயே பெட்டைகளைத் தரம் பிரித்துவிடலாம். தவிடு மட்டும் தின்னும் கோழியில் தொடக்கத்திலேயே மஞ்சள் இருக்காது என்பதால் இந்த முறை அங்கே செல்லாது.

இறைச்சி

பிராய்லர் ஆறு வாரத்தில் எட்டும் 2 கிலோவை இந்த இனத்துச் சேவல் எட்ட நாலைந்து மாதம் ஆகும். தீவனச் செலவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இறைச்சிக்கென்று இதை வளர்ப்பது கட்டுப்படியாகாது. பெட்டைக் குஞ்சுக்காகப் பொரிக்கும்போது பாதிக்குப் பாதி பிறக்கும் சேவல்களை வீணாக்காமல் இறைச்சியாக்க முடிகிறது என்பதே இருபயன் இனத்தின் கணக்கு. 16 முதல் 20 வாரத்துக்குள் வெட்டினால் சதை மென்மையாக இருக்கும். அதற்கு மேல் போனால் இறுகும். குழம்புக்கும் சாற்றுக்கும் அது குறையல்ல. ஓடியாடி மேய்ந்த சதைக்கு நாட்டுக்கோழிக்கு நெருங்கிய சுவை உண்டு. முட்டை ஓய்ந்த பெட்டையிலும் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் இறைச்சி தேறும்.

தாங்குதிறன்

வெயில், மழை, குளிர், தீவனக் குறைவு இவற்றைத் தாங்குவதில் மேலைநாட்டு இனங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. மண்ணைக் கிளறுவதிலும் இரை தேடுவதிலும் சுறுசுறுப்பானது, தொலைவுக்கும் போகும். வங்கதேசத்தில் இந்தச் சேவலை எகிப்திய ஃபாயூமிப் பெட்டையோடு சேர்த்து உருவாக்கிய சோனாலி என்ற கலப்புக் கோழி கிராமங்களெங்கும் பரவியிருப்பது, சூடும் ஈரமும் மிகுந்த மண்ணில் இதன் ரத்தம் நிலைக்கும் என்பதற்குச் சான்று.

ஆனாலும் எல்லை உண்டு. அடர்ந்த நிறம் வெயிலை உறிஞ்சும், உடலும் கனம். 35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும், தீவனம் எடுக்காது, ஓடு மெலியும். முருங்கை, வேம்பு, பந்தல் காய்கறி என்று ஏதாவது ஒரு நிழலும், மண்பானையில் குளிர்ந்த நீரும் கோடையில் கட்டாயம் வேண்டும். தீவனத்தை விடியற்காலையிலும் மாலையிலும் வைப்பது நல்லது.

நாட்டுக்கோழியோடு ஒப்பிட்டால் இது தோற்கும் இடம் எதிரிகளிடமிருந்து தப்புவது. நாட்டுக்கோழி சட்டென்று மரத்திலோ கூரையிலோ ஏறிவிடும். இந்தக் கனத்த உடல் அவ்வளவு எழும்பாது. கீரியும் மரநாயும் தெருநாயும் உள்ள ஊரில் இரவுக் கூண்டு பலமாக இருக்க வேண்டும். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி தரையும், 20 சென்டிமீட்டர் உட்காரும் கட்டையும் போதும். கட்டை தரையிலிருந்து 2 அடிக்கு மேல் உயர வேண்டாம். உயரத்திலிருந்து குதிக்கும் கனத்த கோழிக்குப் பாதம் வீங்கிச் சீழ் பிடிக்கும். நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடி அகலம், வைக்கோல் பரப்பியது, இருட்டான மூலையில்.

நோய் என்று வரும்போது தாங்குதிறன் என்ற சொல்லை நம்பி உட்காரக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் வந்தால் இந்த இனமும் கூட்டத்தோடு மடியும், நாட்டுக்கோழியும் அப்படித்தான். தடுப்பூசி ஒன்றே காப்பு: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாம் வாரத்தில் மறுமுறை, எட்டாம் வாரத்தில் சிறகுத் தோலடியில் ஊசி. ஆறாம் வாரத்தில் அம்மைக்கும் போட வேண்டும். குஞ்சுப் பருவத்தில் ரத்தக் கழிச்சல் ஈரமான கூளத்தால் வருவது, கூளத்தைக் கிளறி உலர்த்திவந்தாலே பெரும்பகுதி தவிரும்.

குணம்

பெட்டைகள் துணிச்சலானவை, ஆள் பழகும், தீவனச் சத்தம் கேட்டு ஓடிவரும். சிறிய உடலுள்ள கோழிகளைக் கொத்தி விரட்டும். ஆகவே நாட்டுக்கோழியோடு ஒரே கூண்டில் அடைத்தால் தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடங்களில் இருக்க வேண்டும். சேவல்களில் ஒருசில முரடாகும். பின்னாலிருந்து பாய்ந்து முள்ளால் குத்தும். குழந்தைகள் உள்ள வீட்டில் அப்படிப்பட்ட சேவலை வைத்திருக்கவே வேண்டாம். முரட்டுத்தனம் மகனுக்கும் இறங்கும் என்பதால் இனவிருத்திக்கும் அது ஆகாது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை மட்டும் வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை.

அடைக்கு உட்காராததால் குஞ்சு பொரிக்க வேறு ஏற்பாடு வேண்டும். அடைக்கு வந்த நாட்டுப் பெட்டையின் கீழ் இதன் முட்டைகளை வைத்து 21 நாளில் பொரிக்கச் செய்வது எளிய வழி. நாட்டுக்கோழி முட்டை 12 அடங்கும் இடத்தில் இதன் பெரிய முட்டை 9 அல்லது 10 வைப்பதே அளவு. நாட்டுத் தாய் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்து, மேயவும் பழக்கும். ஒரு வளவில் இரண்டொரு நாட்டுப் பெட்டையும் ஆறேழு ரோட் ஐலண்ட் ரெட் பெட்டையும் இருப்பது நல்ல சேர்க்கை.

கலப்பும் தேர்வும்

இந்தச் சேவலைக் கோடுபோட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு சேர்த்தால் பிறந்த நாளிலேயே குஞ்சின் பாலைச் சொல்லிவிடலாம். சேவல் குஞ்சின் தலையில் வெண்புள்ளி இருக்கும், பெட்டைக் குஞ்சு தலை முழுதும் கறுப்பு. கோட்டுக்கான மரபணு பால் நிறமூர்த்தத்தில் இருப்பதால் தாயின் கோடு மகனுக்கு மட்டுமே போகிறது. தாயும் தந்தையும் இனம் மாறினால் இது நடக்காது. கலப்பில் பிறந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் ஒழுங்காக வராது. நாட்டுப் பெட்டையோடு இந்தச் சேவலைச் சேர்த்தால் பிறப்பவை தாயைவிட அதிக முட்டையும் எடையும் தரும். அதே நேரத்தில் உள்ளூர் இனம் கரைந்துவிடும் அபாயமும் உண்டு. அசீல் போன்ற நல்ல நாட்டு வழி வைத்திருப்பவர் அதைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும்.

தூய வழியைப் பெருக்க நினைப்பவர் முதலாண்டுப் பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டும் இறகு உதிர்த்து விரைவில் தேறி, நோய்வாய்ப்படாமல், கெட்டி ஓட்டோடு இடும் பெட்டையே தாயாகத் தகுதியுள்ளது. அதன் மகன்களில் முதுகு நீண்ட, முரடில்லாத ஒன்றை நிறுத்தி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேறு பண்ணையின் சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும்.